சமையலறையில் ஒரு சிவப்பு பல்பு

எங்கள் வீட்டில் என் கணவர் பிரித்துப் பார்க்காதது இரண்டுதான். ஒன்று கூரை, இன்னொன்று நான். கூரைக்கு ஏணி எட்டவில்லை. நான் பிடி கொடுத்ததில்லை.

பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பார். சாயங்காலம் வந்து சட்டையை மாற்றியதும் கார் ஷெட்டுக்குள் புகுந்துகொள்வார். அங்கே எங்கள் பழைய காரைச் சுற்றி மின்விசிறி, மிக்ஸி, பக்கத்து வீட்டு இஸ்திரிப்பெட்டி என்று ஓர் ஆஸ்பத்திரியே நடக்கிறது. எல்லாம் பிழைத்து எழுந்துவிடும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மூடியை மாட்டி முடித்த பிறகு மேஜையில் ஏதாவது ஒன்று மிச்சம் கிடக்கும். ஒரு திருகு, ஒரு ஸ்பிரிங், ஒரு துண்டு ஒயர். "இது கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டது" என்று கண்ணாடி ஜாடியில் போட்டுவிடுவார். ஜாடி நிரம்பி வழிகிறது.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் என் காதைப் பற்றி எப்படிச் சொல்வது? வலது காது ஏறக்குறைய போய்விட்டது. இடதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. எனக்குப் பயம் காது போவதில்கூட இல்லை. ஓடாத கடிகாரத்தைக் கையில் எடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அது என்னைப் பார்த்து வந்துவிடக்கூடாது. ஷெட்டில் வரிசையாக நிற்கும் சாமான்களோடு நானும் போய் நிற்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்தேன். பிடிபடாவிட்டால் 'ம்' கொட்டினேன். எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்து வைத்தேன்.

இதற்கு நடுவில் அவருக்குப் பல்பு பைத்தியம் பிடித்தது. முதலில் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், இண்டிகேட்டர் போட்டால் கண்ணைக் குத்தும் ஒரு பச்சை பல்பு. அப்புறம் வாஷிங் மெஷின் நின்றதும் எரிய ஒரு மஞ்சள் பல்பு. என் போனை எவர்சில்வர் தட்டில்தான் வைக்க வேண்டுமாம், சூடாகாதாம். யாராவது கூப்பிட்டால் சமையல் மேடையே நடுங்கியது. போன வாரம் வாசல் பெல்லைப் பிரித்து, அதிலிருந்து சமையலறைக்கு ஒயர் இழுத்து, அடுப்புக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு.

"இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?" என்றேன்.

"ஒயர் மிச்சம் இருந்துச்சு" என்றார்.

போதாக்குறைக்குச் சாப்பாட்டு மேஜையிலும் இடம் மாறினார். இத்தனை வருஷமாக எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவர் திடீரென்று இடப்பக்கம் வந்துவிட்டார். பழைய நாற்காலிக்குக் கால் ஆடுகிறதாம். "ஊர் சாமானெல்லாம் சரி பண்றீங்க, உங்க நாற்காலிக் கால் ஆடுதா?" என்று கேட்டேன். "பார்க்கணும்" என்றார். பார்க்கவே இல்லை. பல்புகள் எனக்கு வசதியாக இருந்ததால் நானும் ரொம்பத் துருவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு பல்பு எரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். என் நாத்தனார், பையும் கையுமாக.

"பெல் சத்தம் கேட்டதும் ஓடி வந்தேன்" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். இப்போதெல்லாம் அப்படி முந்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்தப் பெல் அண்ணி? அழுத்தி அழுத்தி என் விரல் தேஞ்சதுதான் மிச்சம். சத்தமே வரலையே."

கையில் எண்ணெய்த் துணியோடு ஷெட்டிலிருந்து வந்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வாரமாக அந்தப் பெல் ஊமை. ஒரு வாரமாக நான் பால்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் "பெல் கேட்டுச்சு, பெல் கேட்டுச்சு" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி பெல்லின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஒயர் அநாதையாகத் தொங்கியது.

"நான்தான் திரும்ப மாட்ட மறந்துட்டேன்" என்று தங்கையிடம் சொன்னார். "அவ லைட்டைப் பார்த்துத்தான் வந்திருப்பா. இங்க நாங்க அதைத்தான் பெல்லுன்னு சொல்றது."

"நல்ல குடும்பம்" என்று அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அன்று முழுவதும் அவள் எதைக் கேட்டாலும் எனக்கு முந்தி இவரே பதில் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு அவர் திரும்பியதும் பிடித்துக்கொண்டேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

அவர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தார். "நீ ஒரு நாள் காரை ஓட்டிட்டு வரும்போது இண்டிகேட்டர் தெரு முழுக்க அடிச்சுக்கிட்டே வந்துச்சு. அந்த டிக் டிக்கைப் பொறுத்துக்கிற ஆளா நீ?"

"ஏன் கேட்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் என்னை ரிப்பேர் பண்ணிட்டு இருந்தீங்களா?"

நான் கத்தியிருக்க வேண்டும், எனக்கே கேட்டது. அவர் கோபப்படவில்லை. விரல் இடுக்கில் இருந்த கறுப்பைத் துடைத்தபடி சொன்னார்: "உன்கிட்ட என்ன ரிப்பேர்? வீடுதான் ரொம்ப மெதுவா பேசுது. அதைத்தான் சரி பண்ணேன்."

அவர் முகத்தில் நான் பயந்த அந்தப் பரிதாபத்தைத் தேடினேன். பெல் ஒயரை மறந்துவிட்ட அசடு மட்டும்தான் அங்கே வழிந்தது.

ஏதோ தோன்றி எழுந்து மேஜையைச் சுற்றிப் போனேன். அவருடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன், இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். கல்லுக் குண்டு மாதிரி நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாளும் என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து பேசுவதற்காக, ஒரு நல்ல நாற்காலியின் மேல் பழி போட்டிருக்கிறார் மனிதர். தன் வீட்டுச் சாமான் ஒன்று ஆடுகிறது என்று வாயால் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். அழுதுவிட்டேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காதுக்கு மெஷின் குடுத்தா மாட்டிக்கிறேன். ஆனா அதை நீங்க பிரிச்சுப் பார்க்கக்கூடாது."

அவர் எதையோ முணுமுணுத்தார். கேட்கவில்லை. முதல் தடவையாக 'ம்' கொட்டாமல், "என்ன சொன்னீங்க? எனக்குக் கேட்கலை" என்றேன்.

எழுந்து வந்து, என் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"வாரண்டி முடிஞ்சப்புறமுமா?"