ஈரக் கையும் கடல் வரைபடமும்

லவீனா புரொஜெக்ட் மனேஜர் ஆனது ஒரு திங்கட்கிழமை. அந்தக் கதிரையில் இருந்தவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட, மென்பொருள் கொம்பனியின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, "நீர் பாப்பீரோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம்" என்று வாய் சொல்லிவிட்டது. யோசனை பிறகுதான் வந்தது.

குருநகரில் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, தாய் சிசிலியா மீன் பொரித்துக்கொண்டு நின்றா.

"அப்ப இனி என்ன வேலை உனக்கு?"

"மற்ற ஆக்கள் செய்யிற வேலையைப் பாக்கிறது, அம்மா."

"அதுக்கும் சம்பளம் தருவினமோ?"

பகிடிக்குத்தான் கேட்டா. ஆனால் முதல் கிழமை முடியும்போது லவீனாவுக்கும் அதே சந்தேகம் வந்தது. ஐந்து வருடமாகக் கணினியில் கோட் எழுதியவள். பின்னேரம் லப்டொப்பை மூடும்போது, இன்றைக்கு இதைச் செய்தேன் என்று விரலால் தொட்டுக்காட்ட ஏதாவது ஒன்று இருக்கும். இப்போது ஆறு மீற்றிங், இருபது மின்னஞ்சல், நாலு பிளேன்ரீ. காட்ட ஒன்றுமில்லை.

அவள் கைக்கு வந்த வேலை கதிரவேலு என்பவருடைய நண்டுக் கொம்பனிக்கானது. குடாநாட்டுக் கரையோரம் ஏழு இடங்களில் அவருடைய ஆட்கள் நண்டு வாங்குகிறார்கள். நிறுக்கிற நிறையை அந்த இடத்திலேயே போனில் பதிய ஒரு அப் வேண்டும். நிறை பதிகிற பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவன் மயூரதன்; இணுவில் பெடியன், கெட்டிக்காரன், சத்தம் போடமாட்டான். அவனுடைய பகுதி ஒரு கிழமை பிந்திக் கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம் லவீனாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மயூரதன் எழுதிக்கொண்டிருந்த கோட்டைத் திறந்தாள். ஒரு சின்னத் திருத்தம் என்றுதான் தொடங்கினாள். பொழுதுபடும்போது பாதிப் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டாள். பசித்துக் கிடந்தவள் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட மாதிரி ஒரு நிறைவு.

திங்கள் காலை மயூரதன் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, சனியும் ஞாயிறும் நானும் அதைத்தான் எழுதினனான். இப்ப ரெண்டும் ஒண்டோடை ஒண்டு இடிபடுது. பிரிச்செடுக்க ரெண்டு நாள் வேணும்."

லவீனாவுக்கு முகம் சுட்டது.

"பிழை இருந்தால் சொல்லுங்கோ, திருத்திறன்," என்றான் அவன். "ஆனால் என்ரை சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளை கை வைக்காதேங்கோ."

"என்னிலைதான் பிழை, மயூரதன். மன்னிச்சுக்கொள்ளும். இனிச் செய்யமாட்டன்." கொஞ்சம் பொறுத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்: "உமக்கு எதிலை இழுபடுது?"

அவன் தலையைச் சொறிந்தான். "நண்டை எப்பிடி நிறுக்கிறவை எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. எங்கடை வீட்டிலை சைவம், மச்சமே இல்லை அக்கா. நண்டை நான் படத்திலைதான் கண்டனான்."

லவீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்துவிட்டான்.

அடுத்த நாள் விடிய ஆறரைக்கு அவனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு குருநகர்க் கரைக்குப் போனாள். வலைகளில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். கதிரவேலுவுக்காகத் தராசடியில் நின்று நண்டு வாங்கியவள் ஸ்ரெலா, லவீனாவோடு ஒன்றாகப் படித்தவள். கையில் றப்பர் கையுறை; அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எடி, நீயோ உந்த அப் செய்யிற ஆள்?" என்றாள் ஸ்ரெலா. "நல்லகாலம், ஏச ஒரு ஆள் கிடைச்சுது."

சோதனைக்குக் கொடுத்திருந்த போனை எடுத்துக் காட்டினாள். கையுறையைக் கழற்ற வேண்டும், கையைச் சட்டையில் துடைக்க வேண்டும், ஒரு கூடைக்குப் பதின்னாலு தரம் தட்ட வேண்டும். அதற்குள் அடுத்த ரெண்டு கூடை வந்துவிடும். எல்லாவற்றுக்கும் முதல், அப்பைத் திறந்தவுடன் ஒரு பெரிய வரைபடம் வந்து மெல்ல மெல்ல விரிந்தது. நீலக் கடலில் வள்ளங்கள் சின்னப் புள்ளிகளாக அசைந்தன.

"உந்தப் படம் என்னத்துக்கடி? ஆற்றை வள்ளம் வருகுதெண்டு எனக்குக் கண்ணாலை தெரியுது. இது வந்து முடியிறதுக்குள்ளை சார்ஜ் பாதி போயிடுது."

மயூரதன் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வரைபடம் லவீனாவினுடையது. மனேஜர் ஆக முந்தி நாலு மாதம் இருந்து இருந்து செய்தது. கொம்பனிக் கந்தோரில் எல்லோரும் கைதட்டிய வேலை.

லவீனா தானும் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒன்பது மணி மட்டும் ஸ்ரெலாவோடு நிறுத்தாள். மயூரதன் எட்ட நின்று குறிப்பெடுத்தான். ஒரு நண்டு கூடையால் இறங்கி அவன் செருப்பை நோக்கி வர, கொப்பியோடு துள்ளி ஏறி ஸ்கூட்டியில் குந்தினான். கரை முழுக்கச் சிரித்தது.

வியாழக்கிழமை கதிரவேலு கந்தோருக்கு வந்தார். அப் தொடங்க ரெண்டு கிழமைதான் இருந்தது. வரைபடம் என்றால் அவருக்கு உயிர். வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் காட்டியிருந்தார்.

"அதிலை காத்தும் மழையும் தெரியிற மாதிரிச் செய்யுங்கோ பிள்ளை."

பழைய லவீனா என்றால், செய்யலாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் கிடந்திருப்பாள். இப்போது உள்ளதைச் சொன்னாள்.

"ஐயா, ரெண்டு கிழமையிலை அது வராது. இருக்கிற வரைபடத்தையும் எடுக்கவேணும்."

அவருடைய முகம் மாறியது. "என்ன கதை இது?"

லவீனா தண்ணீர்க் கிளாசை அவர் பக்கம் தள்ளினாள். "அது சார்ஜைத் தின்னுது, இருக்கிற நாளெல்லாம் நிறை பதியிற பக்கத்துக்கு வேணும். கையை உதுக்குள்ளை விட்டிட்டு, நாப்பத்திரெண்டு கிலோ எண்டு போனிலை பதிஞ்சு பாருங்கோ."

அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அவர் கையை நனைத்தார். முதல் தரம் நாலாயிரத்து இருநூற்று இருபத்திரண்டு கிலோ விழுந்தது. அடுத்த தரம் ஒன்றுமே விழவில்லை. மூன்றாம் தரம் போன் ஆருக்கோ அழைப்பெடுத்தது.

கதிரவேலு வாய்விட்டுச் சிரித்தார். "சரி, விளங்குது. ஆனால் அந்தப் படத்தைச் செய்த பிள்ளை விடுவாரோ?"

"நான்தான் செய்தனான்," என்றாள் லவீனா. "விட்டிட்டன்."

அவர் கையைத் துடைக்கத் துணி ஒன்றை நீட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் மயூரதனுடைய கை. கையுறையோடு தட்டக்கூடிய பெரிய பொத்தான்கள், ஒரு கூடைக்கு மூன்று தட்டு, சிக்னல் இல்லாவிட்டாலும் நிறையைப் பிடித்துவைத்துப் பிறகு அனுப்புகிற ஏற்பாடு. லவீனா நாளுக்கு ஒருமுறை "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டாள். ஸ்ரெலாவிடம் பழைய கையுறைச் சோடி ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள். அவன் அதைப் போட்டுத்தான் சோதித்துப் பார்த்தான். மணத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் இடம் மாறிப் போனார்கள்.

அப் தொடங்கிய அன்று விடிய, ஏழில் ஆறு இடங்களில் ஓடியது. நாவாந்துறையில் மட்டும் நிறை ஏறவில்லை. மயூரதன் லப்டொப்போடு குனிந்தான். பிழை எங்கே என்று லவீனாவுக்கும் ஓரளவு பிடிபட்டது, விரல்கள் துருதுருத்தன. எழும்பி வெளியே போய் நாவாந்துறைக்குப் போன் எடுத்தாள்.

"பத்து மணி மட்டும் கொப்பியிலை எழுதுங்கோ அண்ணை. அதுக்குள்ளை சரிவரும். நான் பொறுப்பு."

கதிரவேலுவுக்கும் தானாகவே எடுத்துச் சொன்னாள். முதலாளிக்கும் சொன்னாள். ஒன்பது இருபதுக்கு மயூரதன் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். அவள் நினைத்த இடத்தில் இல்லை பிழை, வேறெங்கோ இருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடிக்கப் போனார்கள்.

"அக்கா, உங்களுக்குக் கோட் எழுதாமல் அந்தரமாய் இல்லையோ?"

"இருக்குத்தான்," என்றாள் லவீனா. "நேற்றும் ஒருக்கா உம்மடையைத் திறந்து பாத்தனான்."

மயூரதன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"வாசிக்கத்தான் திறந்தனான். வடிவாய் எழுதியிருக்கிறீர்."

அவனுடைய காது சிவந்துபோனது. அதை மறைக்க இன்னொரு ஐஸ்கிறீம் சொல்லக் கையைத் தூக்கினான். லவீனா தனக்கும் சேர்த்து இரண்டாகச் சொல்லச் சொன்னாள்.