ஜசுமதியின் வாக்குப்பெட்டி

பத்தொன்பது வருடங்களாக, எந்தத் தேர்தல் வந்தாலும் அந்த ஊர்த் தேவாலயக் கூடத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஜசுமதி கொடேச்சாதான். இங்கிலாந்தில், லெஸ்டர் நகருக்கு வடக்கே உள்ள சின்ன ஊர். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும், பெட்டி காலி என்பதை அங்கிருப்பவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைப்பாள்.

அரசாங்க விதிகளோடு அவளாகவே ஒரு விதியும் வைத்திருந்தாள். சாவடிக்குள் குஜராத்தியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கணவர் விரஜ்லாலுக்கும் இதில் விலக்கு இல்லை. அன்று காலையும் முதல் ஆளாக வந்து நின்றார்.

"பேரும் விலாசமும் சொல்லுங்க, சார்."

"நேத்து கிச்சடி போட்டியே, அப்ப தெரியலையா நான் யாருன்னு?"

"பேரும் விலாசமும்."

சொல்லிவிட்டு, அடையாளத்துக்குப் படம் ஒட்டிய மூத்தோர் பஸ் பாஸை நீட்டினார். அவள் படத்தையும் முகத்தையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்த பிறகே வாக்குச்சீட்டு கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் எழுத்தராக இருந்த லிண்ட்சே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடி கொட்டிப்போச்சுன்னு திருப்பி அனுப்பாம விட்டீங்களே மிசஸ் கொடேச்சா, அதுவே பெரிசு."

ஜசுமதி சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா உகாண்டாவில், ஜிஞ்சா ஊரில் தபால் அலுவலகம் பார்த்தவர். ஆசியக்காரர்கள் தொண்ணூறு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணை வந்தபோது, தபால்தலைகளை எண்ணி ஒப்படைத்து, சாவியைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். துரத்துகிறவன் துரத்தட்டும், திருடன் என்று சொல்ல மட்டும் இடம் கொடுக்கக் கூடாது என்பார். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இப்போது அறுபத்தேழு. அந்தச் சொல்லுக்கு இதுவரை பழுது வரவில்லை.

அந்த வருடம் காற்று சரியில்லை. தெருவில் விளக்குக் கம்பம் தவறாமல் இங்கிலாந்துக் கொடி. வந்தேறிகள் வேண்டாம் என்று கொடி கட்டியவர்களின் கட்சிதான் ஊரெங்கும் பேச்சு. சாவடியில் வைத்திருக்கும் பென்சிலால் போட்ட வாக்கை அழித்து மாற்றுகிறார்கள் என்று புரளி. வந்தவர்களில் பாதிப்பேர் சட்டைப்பையில் சொந்தப் பேனா.

"இது பேனா. அழிக்க முடியாது, பாத்துக்கோ" என்றார் ஒரு பெரியவர்.

"தாராளமா உபயோகிங்க, சார்" என்றாள்.

பதினோரு மணிக்கு அதே ஊர்க் குஜராத்திக் கிழவி மணிபா வந்தாள். எண்பத்தாறு வயது, இரண்டு கண்ணிலும் புரை. வாக்கைப் போட்டு, சீட்டை மடித்து எடுத்துவந்து பெட்டி மூடியைத் தட்டித் தட்டித் தடவினாள். துவாரம் அகப்படவில்லை.

"எங்கடி மகளே இருக்கு?" என்றாள் குஜராத்தியில்.

ஜசுமதி எழுந்துவிட்டாள். யோசிக்கவில்லை. கிழவியின் மணிக்கட்டைப் பிடித்துத் துவாரத்தின் மேல் வைத்தாள். சீட்டைத் தொடவில்லை.

"இங்கதான்மா. விடுங்க, உள்ள போயிடும்."

குஜராத்தியில், ஒரே மூச்சில் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஓர் இளைஞன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்துக்கோங்க மக்களே. நம்ம ஓட்டுப் பெட்டி, அவங்க பாஷை. கையப் பிடிச்சு உள்ள தள்ளுது பாருங்க."

"சார், உள்ள படம் எடுக்கக் கூடாது. நீங்க ஓட்டுப் போட வந்தீங்களா?"

"நான் எதுக்கு? எனக்கும் சேத்து நீங்களே போட்டுடுவீங்களே."

"அப்படின்னா வெளியே போகணும்."

அவன் படம் எடுத்தபடியே பின்னால் நடந்து போனான். மணிபா சுற்றுமுற்றும் திரும்பி, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை ஜசுமதி ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். கிழவிக்கு அது புரியவில்லை.

மதியத்துக்குள் அந்தப் படத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே கருத்துச் சொன்னவர்களில் ஒருவன் அவளுடைய தெருப் பெயரையும் எழுதியிருந்தான். லிண்ட்சே காட்டினாள். ஜசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்து வந்தவரிடம் பேரும் விலாசமும் கேட்டாள்.

நான்கு மணிக்கு நகரசபைத் தேர்தல் அலுவலகத்திலிருந்து விட்கம் பேசினார்.

"ஜாஸ், நீங்க வீட்டுக்குப் போயிடுங்க. வேற ஆளை அனுப்பறேன். உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"என் பேரு ஜசுமதி. நான் விதியை மீறினேனா?"

"சேச்சே, இல்லவே இல்லை. கண்ணு தெரியாதவங்களுக்கு வழி காட்டினீங்க, அவ்வளவுதானே."

"அதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளியில நிக்கிறவங்க பார்க்கிற மாதிரி கதவுல ஒட்டுங்க. அடுத்த நிமிஷம் கிளம்பறேன்."

"அது... சட்டப் பிரிவுல கேக்கணும்."

"கேளுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். பாதியில எழுந்து போனா, மாட்டிக்கிட்டு ஓடினாங்கன்னு ஊரு சொல்லும். எங்க குடும்பத்துல யாரும் ஓடினது இல்ல, மிஸ்டர் விட்கம். அனுப்பித்தான் போயிருக்கோம்."

சட்டப் பிரிவிலிருந்து பதில் வரவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்தார். வாசலுக்கு எதிரே கொடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். மணிபாவின் தெருவிலிருந்து வழக்கமாக மாலையில் வரும் குஜராத்திக் குடும்பங்கள் அன்று வரவில்லை. பட்டியலில், ஓட்டுப் போட்டதற்கான கோடு விழாத பெயர்களை ஜசுமதி பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த பெயர்கள்.

ஏழு மணிக்கு விரஜ்லால் ஒரு டப்பா தேப்லா ரொட்டியோடு வந்தார். அவருடைய சட்டைக் கை முழங்கைவரை ஈரம். பெயின்ட் அழிக்கும் டர்பன்டைன் வாடை அடித்தது. நகக்கண்ணில் சிவப்புச் சாயம்.

"நம்ம வீட்டுக் கதவா?" என்றாள், ஆங்கிலத்தில்.

"தோட்டத்துல கொஞ்சம் வேலை."

"எவ்வளவு பெரிசா எழுதியிருக்கான்?"

அவர் டப்பாவை மேசையில் வைத்தார். "பாதி போயிடுச்சு. மீதி உள்ள இறங்கிடுச்சு. ஜசு, வா, போயிடலாம். நமக்கு யாரு மெடல் குத்தப் போறாங்க?"

"இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. நீங்க ஓட்டுப் போட்டாச்சு. சாவடிக்குள்ள நிக்கக் கூடாது."

அவர் வெளியே போய், பத்து மணிவரை கல்சுவரில் உட்கார்ந்திருந்தார். அவளை அழைத்துப் போக வேறு யார் இருக்கிறார்கள்?

கதவை அடைத்தபின் துவாரத்துக்கு முத்திரை வைத்தாள். கணக்குத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். கொடுத்த சீட்டு அறுநூற்றுப் பன்னிரண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பத்துக் கைபேசிகள் அவளுக்கு நேராக நின்றன. எங்கே கொண்டு போறே என்று ஒரு குரல் கேட்டது. லிண்ட்சே பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

எண்ணும் இடத்தில் அந்தப் பெட்டியிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் வந்தன. அதை யாரும் படம் எடுக்கவில்லை. கொடிக் கட்சி ஜெயித்தது, அதுவும் அந்தப் பெட்டியின் வாக்குகளோடு. பெட்டியில் மோசடி என்று பிறகு ஒருவரும் பேசவில்லை. மன்னிப்பும் ஒருவரும் கேட்கவில்லை.

வழக்கமாகப் பிப்ரவரியில் வரும் நியமனக் கடிதம் அடுத்த வருடம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டாள். புதியவர்களுக்கு வாய்ப்புத் தருகிறோம், உங்கள் நீண்ட சேவைக்கு நன்றி என்றார்கள். மணிபா அந்த வருடம் வாக்களிக்க மாட்டேன் என்றுவிட்டாள். "என்னாலதானே உனக்கு இப்படி ஆச்சு" என்றாள். ஜசுமதி எவ்வளவு சொல்லியும் எழுந்து வரவில்லை.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கு ஜசுமதி இஸ்திரி போட்ட புடவையில், முதல் ஆளாகக் கூடத்துக்குள் போனாள். தலைமை நாற்காலியில் லிண்ட்சே இருந்தாள். பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. பட்டியலில் பெயரைத் தேடிக் கோடு போடப் போனாள்.

"வாங்க, மிசஸ் கொடேச்சா. உங்களைத் தெரியாதா எனக்கு? இந்தாங்க..."

"பென்சிலைக் கீழ வை, லிண்ட்சே. முதல்ல கேளு."

பின்னால் வரிசையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவன் கையில் சொந்தப் பேனா. லிண்ட்சே பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பேரும் விலாசமும் சொல்லுங்க, மேடம்."

ஜசுமதி முழுப் பெயரையும் சொன்னாள். பிறகு தெருவின் பெயரையும், சிவப்புக் கறை போகாத அந்தக் கதவின் எண்ணையும், வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.