தலையை ஆட்டினால் செல்லாது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ப்ளோவ்திவ் நகரத்து ரொட்டிக் கடையில். பல்கேரியாவுக்குக் குடிவந்த புதிதில் அங்கே பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரம்மா தலையை இடவலமாக ஆட்டினார். வெறுங்கையோடு வீடு திரும்பினேன். இங்கே அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்; மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. ஊரோடு ஒத்து வாழ என் கழுத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது.

2

முதல் தொடக்கம்: ‘எலித்சாவின் கண்முன் ஒரு புதிய உலகம் விரிந்த—’

வேண்டாம், விளம்பரம் மாதிரி இருக்கிறது.

எலித்சாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சைக் கேட்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். கீழே முற்றத்தில் காலில் எலாஸ்டிக் நாடாவை மாட்டித் தாண்டி விளையாடும் பிள்ளைகளோடு மகளும் ஒருநாள் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் அம்மா வியாராவின் ஒரே ஆசை. அதற்காகவே காமென் நடத்தும் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஒரு விளையாட்டுத் திடல் தெரியும். ‘நானும் வரட்டுமா?’ என்று கேட்டால் பொம்மைப் பிள்ளைகள் தலையசைத்துப் பதில் சொல்வார்கள். எலித்சா முதல் தடவையாக முகங்களைப் பார்த்தாள். பாடம் முழுவதையும் பிசகில்லாமல் கற்றாள்.

3

(காமெனை முதலில் வில்லனாக எழுதினேன். ஒட்டவில்லை. பாவம், நல்ல மனுஷன்.)

எலித்சா முற்றத்துக்குப் போய்க் கேட்டாள். பக்கத்துக் கட்டடத்து நெவெனா, வாய் நிறைய சூரியகாந்தி விதையோடு, தலையை இடவலமாக ஆட்டினாள். எலித்சா திரும்பி வந்துவிட்டாள். மறுநாளும் அதே கதை.

“என்னைய யாருக்கும் பிடிக்கலம்மா.”

வியாரா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பெண் வா என்றுதானே கூப்பிட்டாள்! நேரே காமெனிடம் போனாள்.

“ஏங்க, உங்க பொம்மைங்கள்லாம் எந்த ஊரு?”

“வெளிநாட்டுல வாங்கினதுங்க. குரலை மட்டும் நம்ம பாஷைக்கு மாத்தினோம்.”

“தலைய?”

“அதையும்தான்...” என்று இடவலமாக ஆட்டத் தொடங்கியவன் பாதியில் நின்றான். “ஐயையோ.”

பிறந்ததிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கும் தலை யார் கண்ணிலும் படவில்லை.

4

முடிவு ஒன்று: காமென் பொம்மைகளைத் திருத்துகிறான். திருத்தவும் செய்தான். ஆனால் இது பொம்மைகளின் கதை இல்லை.

முடிவு இரண்டு: வியாரா மகளை மடியில் இருத்தி, “கண்ணு, நம்மூர்ல அது ஆமாம்” என்று விளக்குகிறாள், மகள் சிரித்துக்கொண்டே ஓடி—

ஓடவில்லை. “நெவெனா டிவி பாத்துட்டு வெளிநாட்டுக்காரங்க மாதிரி ஆட்டியிருந்தா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு விதமாகவும் ஆட்டுகிறார்கள்.

5

எலித்சா மறுபடியும் முற்றத்துக்குப் போனாள். இன்னொரு தடவை திரும்பி வந்தால் இனிமேல் கேட்கவே மாட்டாள் என்று வியாராவுக்குத் தெரியும். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நானும் வரட்டுமா?”

நெவெனாவின் தலை அசையத் தொடங்கியது.

“தலைய ஆட்டாத,” என்றாள் எலித்சா. “வாயால சொல்லு.”

எலாஸ்டிக் தாண்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நெவெனா வாயிலிருந்த விதையைத் துப்பினாள்.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. எலித்சாவைச் சேர்த்துக்கொள்ளலாமா, சொல்லுங்கள்.

நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. அது செல்லாது. வாயால் சொல்லுங்கள், பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள்.