பெட்டி அனுப்பிய அழைப்பு

இண்டூர் கடைத்தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் ரஞ்சித்குமாருக்குக் கொஞ்ச நாளாகவே கிரீஷ் என்ற பெயரைக் கேட்டால் வயிறு எரிந்தது. அவன் பெங்களூர்க்காரன். ரஞ்சித்தின் மனைவி ஐஸ்வர்யாவும் அவனும் சேர்ந்து, கைப்பேசியிலிருந்தே கிணற்று மோட்டாரை ஓட்டும் மென்பொருளை எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை: அதை மோட்டாரோடு இணைக்கும் பெட்டியில் போட்டு விற்பவர், எழுதியவர்கள் பெயரையும், தாங்கள் செய்த மாற்றங்களோடு முழு நிரலையும் வாங்குபவருக்குத் தர வேண்டும். ஒரு கம்பெனி எதையும் தராமல் விற்றது. கேட்டால், "நாங்களே எழுதினது" என்றது. பொய் என்று நிரூபிக்கச் சாட்சி இல்லை. அதற்காக இருவரும் தினமும் போனில் பேசினார்கள். நடுநடுவே சிரிப்பு வேறு.

"அவங்கிட்ட பேசறப்ப மட்டும் வாயெல்லாம் பல்லு" என்று முணுமுணுப்பான் ரஞ்சித்.

அன்று கம்பைநல்லூர் பச்சியப்பன் அந்தக் கம்பெனிப் பெட்டியைக் கடையில் தொப்பென்று வைத்தார்.

"இத நீயே வச்சுக்க தம்பி. எங்குடும்பமே ரெண்டாவுது."

"என்னாச்சுங்கண்ணா?"

"டெஸ்ட் பட்டன அமுக்கினா எவளோ மெசேஜ் அனுப்பறா. எம்பொண்டாட்டி பாத்துட்டா. அதுலருந்து எனக்குக் களி கெடையாது!"

போனை நீட்டினார். 'மாமா, சோறு ஆறுது. வூட்டுக்கு வாங்க.'

ரஞ்சித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் மதியந்தோறும் ஐஸ்வர்யா அவனுக்கு அனுப்பிய வரி அது. அவள் தேடும் சாட்சி கைக்கே வந்துவிட்டது. பெட்டியில் உள்ளதை அழித்துவிட்டால் சாட்சி இல்லை; விவகாரமும் முடியும், கிரீஷின் போனும் நிற்கும். விரல் அழிக்கும் பட்டன் வரை போனது. அப்போதுதான் உறைத்தது: அப்படியானால் இந்த வரியை அவனும் படித்திருப்பானே?

அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெட்டியோடு வீட்டுக்குப் போனான்.

ஐஸ்வர்யா கத்தியே விட்டாள். "அய்யோ மாமா, டெஸ்ட்டுக்குன்னு நான் போட்ட வரிங்க! அழிக்கக்கூடத் தெரியாம அப்படியே எடுத்திருக்கானுங்க. இனி எப்படி இல்லைம்பானுங்க?"

"அந்தக் கிரீஷ் இதப் படிச்சானா?"

"படிச்சாரு. தேவையில்லாத வரி, எடுத்துருங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு." அவள் குரல் தாழ்ந்தது. "நாந்தான் விடல."

ரஞ்சித் பெட்டியில் பச்சியப்பன் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் போட்டான். டெஸ்ட் பட்டனை அமுக்கி, மெசேஜ் வருவதைத் தன் போனில் படம் பிடித்தான்.

"குடுங்க, அவருக்கு அனுப்பறேன்."

"நம்பரச் சொல்லு ஐசு, நானே அனுப்பறேன். இன்னொருக்கா நல்லாப் படிக்கட்டும்."

அனுப்பிவிட்டு மீசையைத் தடவினான். "அப்படியே பச்சியப்பண்ணன் சம்சாரத்துக்கும் போன் போடு. பாவம், மனுசன் பட்டினி."