வெள்ளிக்கிழமையில் மகிமை

டொறத்தி கணவரின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையணையோரம் கிடந்த போன் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று செபம் நின்று, அதற்குள்ளிருந்து ஒரு பெண் பிஸ்கற் விற்கத் தொடங்கினாள்.

சாகக்கிடக்கிற மனிசனுக்குப் பிஸ்கற்! டொறத்திக்குக் கோபம் உச்சிக்கேறியது.

கொரோனாவில் கோவில் பூட்டியபோது வந்த பழக்கம் இது; கோவில் திறந்த பிறகும் போகவில்லை. போன் செபிக்கும். மகன் டிலோஜன் ஒரு கையில் செபமாலை மணியும் மறு கையில் போன் கிரிக்கெட்டுமாக இருப்பான். மகள் நிரோமி யாருக்கோ இதயப் படம் அனுப்புவாள். டொறத்தி மட்டும் என்ன திறமா? நாடகம் பார்த்தபடி ஆமென் சொன்னவள்தானே. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய கணவர் றெஜினோல்ட் எல்லாரையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். மூன்று நாளைக்கு முன், பேச்சு அடங்குகிற நேரம் அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் சாக முதல் ஒருக்கா செபமாலையை உங்கட வாயால சொல்லுங்கோவன்."

இன்று காலை மருத்துவர் வந்து, இனி ஆட்களுக்குச் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போனார். சொல்லவென்று போனுக்குள் குனிந்த பிள்ளைகள் இன்னும் நிமிரவில்லை.

"நிப்பாட்டுங்கோ எல்லாத்தையும்," என்றாள் டொறத்தி. "அப்பாவுக்குக் காது கேக்குது."

"கனடா மாமா வீடியோவில நிக்கிறார் அம்மா," என்றாள் நிரோமி.

"அவரையும் அங்க இருந்து செபிக்கச் சொல்லிப்போட்டு வை."

போன்களைப் பறித்து அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். "டிலோஜன், நீ தொடங்கு."

"இண்டைக்கு வெள்ளி. ஆண்டவர் பாடுபட்ட துக்க இரகசியமெல்லோ சொல்லவேணும்?"

"வீட்டில கிடக்கிற துக்கம் காணும். ஆண்டவர் உயிர்த்ததில இருந்து மகிமை இரகசியத்தைச் சொல்லு."

டிலோஜன் தொடங்கினான். முப்பது வயதுக் கடா, மறைக்கல்வியில் பரிசு வாங்கியவன், முதல் மணியிலேயே சொல் மறந்து தாயைப் பார்த்தான். தாய் மகளைப் பார்த்தாள். மகள் அலுமாரியைப் பார்த்தாள்.

விட்ட சொல் கட்டிலிலிருந்து வந்தது. மூன்று நாளாகத் திறவாத வாயால், மூச்சோடு மூச்சாக, றெஜினோல்ட் அதை எடுத்துக் கொடுத்தார். ஆண்டவரே! நிரோமி வாய்விட்டு அழுதாள். டொறத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சந்தோசம்.

பிறகு ஒவ்வொரு மணிக்கும் மகன் செபத்தின் முதற்பாதியைச் சொல்ல, தகப்பன் பிற்பாதியைச் சொன்னார். பெண்களும் அவரோடு சேர்ந்தார்கள். குரல்கள் ஓங்கின. கஞ்சிச் சட்டியோடு வந்த பக்கத்து வீட்டு ஸஹ்ரா, குழப்பக்கூடாதென்று வாசலிலேயே நின்றுகொண்டாள். அலுமாரிக்குள் போன்கள் மாறி மாறி அதிர்ந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செபமாலையின் நாலாம் பத்துச் சொல்லும்போது றெஜினோல்டின் உதடுகள் நின்றன. டொறத்தி அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தார்கள். டிலோஜன் ஒரு சொல்லும் பிசகாமல் முதற்பாதியை முடித்து, தகப்பனுக்காகக் காத்திருந்தான்.

டொறத்தி குரலை உயர்த்தி அவருடைய பாதியைச் சொன்னாள்.