இடி மன்னிப்புக் கேட்கப் போனான்

கடையைக் காலி செய்ய மறுப்பவர்களிடம் கட்டட முதலாளிகள் அனுப்பிவைக்கும் ஆளாக இருந்தவன் அவன். இடி என்று பெயர். ஞானஸ்நானம் எடுத்து அந்தத் தொழிலை விட்டு மாதங்கள் ஆகியும், பட்டப்பெயர் மட்டும் தண்ணீரில் கரையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதல் திருவிருந்து; சர்ச்சில் மற்றவர்களோடு சேர்ந்து அப்பம் எடுக்கும் நாள். “உங்கள்மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால், முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள்” என்று போதகர் சொன்னதும் அவன் நினைவுக்கு வந்தது ஒரு கை. தையற்காரரின் வலது கை. அதன்மேல் கடை ஷட்டரை இழுத்து விட்டவன் அவன்தான்.

சனிக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.

“சிரிச்ச முகமா போகட்டுமா?”

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். “வேணாங்க. நீங்க சிரிச்சா இன்னும் பயமா இருக்கு.”

தையற்காரர் இப்போது வேறு தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார். இடது கையால் துணியை நகர்த்தினார். வலது கை, துணி நழுவாமல் இருக்க வைத்த கல்லைப் போல அதன்மேல் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தவர் மிதிப்பதை நிறுத்தினார். மிஷின் சக்கரம் மட்டும் கொஞ்சம் சுற்றி நின்றது.

“அண்ணே, நான் மன்னிப்புக் கேக்க...”

“மன்னிச்சுட்டேன் தம்பி! எப்பவோ மன்னிச்சுட்டேன். இந்தக் கடையையும் காலி பண்ணணுமா? ரெண்டு நாள் குடுங்க, போயிடறோம்.”

“ஐயோ, அதுக்கு வரலண்ணே. நான் இப்ப பழைய ஆள் இல்ல. சர்ச்சுக்குப் போறேன்.”

“நல்லது தம்பி. எந்த சர்ச்சுன்னு சொல்லுங்க, நாங்களும் வந்துடறோம்.”

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். அடிப்பதற்கு முன்பும் அவன் அப்படித்தான் தணிந்து பேசுவான். என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டான். கை உயர்ந்ததும் தையற்காரர் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஊசியும் கையுமாக எழுந்து வந்தாள்.

“அவர் சொன்னது மன்னிப்பு இல்ல, பயம். நான் சொல்றேன், கேட்டுக்கோ. நான் மன்னிக்கல. வலியில அவர் முனகுறத நீயா கேட்ட? உன் சாமி மன்னிச்சா அது உங்க ரெண்டு பேர் விவகாரம்.”

“வாய மூடு!” தையற்காரர் அவளைப் பின்னால் இழுத்தார்.

“என்னடா பாக்குற? அடி” என்றாள் அவள், இடியைப் பார்த்து.

இடியின் கை தானாக மடங்கியது. பழக்கதோஷம். விரல் விரலாகப் பிரித்து விட்டான்.

“நீங்க சொல்றதுதான் சரிக்கா” என்றான். அந்தக் கடையில் அதுவரை பேசப்பட்டதில் அவள் சொன்னது ஒன்றுதான் அவனுக்கு உண்மையாகப் பட்டது.

மறுநாள் திருவிருந்தில் அப்பத் தட்டு வரிசையில் கைமாறி வந்தது.

“எடுங்க” என்று மனைவி கிசுகிசுத்தாள். “அவர்தான் மன்னிச்சுட்டாராமே.”

“அந்தக்கா மன்னிக்கலயே.”

ஒரு துண்டும் எடுக்காமல் தட்டை அடுத்தவரிடம் நீட்டினான். அவர் தேவைக்கு அதிகமாகவே நகர்ந்து உட்கார்ந்து, அதை வாங்கிக்கொண்டார்.