கொடி இறக்கிய ராத்திரி

எங்கள் குப்பத்துக் கடற்கரையில் நூறடிக் கொடிக்கம்பம் நட்டபோது அடியில் நான்கு ஃபோகஸ் லைட் வைத்தார்கள். ராத்திரியும் தேசியக் கொடி பறக்க வேண்டுமென்றால் அதன்மேல் வெளிச்சம் விழவேண்டும், அதுதான் விதி. சாயங்காலம் போட்டு, விடிந்ததும் அணைப்பது என் வேலை. நான் தேவநாதன், கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்.

என் தங்கை அறிவுமதியின் புருஷன் சடையப்பனுக்கு என்னைக் கண்டாலே கிண்டல்தான். "கொடிக்கு வெளக்கு புடிக்கிற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான் மச்சான்" என்பான். ஆனால் அந்த விளக்கை வைத்துத்தான் ராத்திரி படகைக் கரைசேர்ப்பான். படகு உள்ளே நுழையும் முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது.

"ஜி.பி.எஸ். ஊரு வரைக்கும்தான் கொண்ணாந்து வுடும். கல்லுக்கு நடுவுல பூர்றதுக்கு ஒன் வெளக்குதான் மச்சான்."

ஐப்பசியில் ஒருநாள் பேய்க்காற்று. கொடி ஓரம் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. எவனோ ஒரு புண்ணியவான் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ராத்திரி பத்து மணிக்குக் கான்ட்ராக்டர் சுப்புராயன் போனில் கத்தினார்.

"கிழிஞ்ச கொடிய லைட்டு போட்டு ஊருக்கே காட்டுறியா? அறிவிருக்கா ஒனக்கு? மொதல்ல எறக்கு!"

காற்று சரியில்லை, கொடியை இறக்கிவிடலாம் என்று நாலு நாளாகச் சொல்கிறேன், காதில் வாங்கிக்கொள்ளாத மனுஷன். இப்போது திட்டு மட்டும் எனக்கா? கொதித்துக்கொண்டே போய்க் கொடியை இறக்கி மடித்தேன். கொடியே இல்லாத மொட்டைக் கம்பத்துக்கு வெளிச்சம் ஒரு கேடா என்று மெயின் சுவிட்சையும் பட்டென்று அணைத்தேன். அணைக்கச் சொல்லி அவர் சொல்லவே இல்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. கடலுக்குப் போனவர்கள் நினைப்பே வரவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன், பாவி.

விடியற்காலை சடையப்பனின் படகு கல்லில் அடித்துப் பிளந்து கிடந்தது. கூடப் போன ஞானசேகரன் மட்டும் நீந்திக் கரையேறியிருந்தான். குளிரில் பல் தந்தியடிக்கச் சொன்னான்:

"வெளக்கு தெரியல. முகத்துவாரத்துக்கு வெளியவே நின்னோம். 'அவசரப்படாதடா, எம் மச்சான் போட்டுடுவான்'னு சொல்லிக்கினே இருந்தாரு. அதுக்குள்ள அலை தூக்கிக் கல்லு மேல போட்டுடுச்சு."

மத்தியானம் சடையப்பன் கரை ஒதுங்கினான்.

கேட்டவர்களிடமெல்லாம் கரண்ட் போய்விட்டது என்றேன். சுவிட்சை அணைத்த கையாலேயே பாடை கட்டினேன். தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னேன், வேறு எதற்கு?

கருமாதி முடிந்த அன்றைக்குப் புதுக்கொடி வந்தது. ஏற்றிவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். பின்னால் யாரோ வரும் சத்தம். அறிவுமதி. வெறுங்கழுத்தைப் பார்க்க முடியாமல் பெட்டிப் பக்கமே திரும்பி நின்றேன்.

"அண்ணா, அன்னிக்குக் கரண்ட் போயிடுச்சுன்னியே?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுல விடிய விடிய ஃபேன் ஓடிச்சே."

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டிக்கொண்டு வந்தது.

"போடு" என்றாள். "மத்தவங்களாவது வூடு வந்து சேரட்டும்."